அண்டை நாட்டில் நெருக்கடிநிலை: டெல்லிக்கு ஒரு நெறி வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. ஆறுகள் ஊர்களுக்குள் புகுந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அதிபர் அநுர குமார திசாநாயக்க நாடு முழுவதும் நெருக்கடிநிலையை அறிவித்தார். இந்தியக் கடற்படைக் கப்பல்களும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் உடனே மீட்புப் பணியில் இறங்கின. சுனாமியையும் தானே புயலையும் கண்ட கடலூர் மாவட்டத்து மக்களுக்கு அந்த உதவி எவ்வளவு அவசியமானது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில், அதே 1947ஆம் ஆண்டுப் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்னொரு நெருக்கடிநிலை அமலில் இருந்தது. 2022 ஜூலை 22 விடியும் முன்பே ராணுவமும் காவல் துறையும் கொழும்பு காலிமுகத்திடலில் பொருளாதாரச் சரிவை எதிர்த்துப் போராடியவர்களின் கூடாரங்களுக்குள் புகுந்து அடித்து விரட்டின. அடுத்த ஐந்து நாட்களில், ஜூலை 27 அன்று, இலங்கை நாடாளுமன்றம் 120க்கு 63 என்ற வாக்குகளில் அந்த நெருக்கடிநிலைக்கு ஒப்புதல் தந்தது. கொழும்பில் இருந்த மேற்கு நாடுகளின் தூதர்கள் கவலை தெரிவித்தார்கள். டெல்லி வாய் திறக்கவில்லை.

ஒரே சட்டம் ஒருமுறை வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கவும், இன்னொரு முறை கேள்வி கேட்டவர்களை விரட்டவும் பயன்படுகிறது. நட்பு நாடு ஒன்றில் நெருக்கடிநிலை வரும்போது, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்து, அதற்கேற்ப நடந்துகொள்ள இந்தியாவிடம் நிலையான நெறி எதுவும் இல்லை. காத்மாண்டுவுக்கு ஒரு பதில், மாலேவுக்கு ஒரு பதில், நேபிடாவுக்கு ஒரு பதில் என்று அந்தந்த நேரத்துக் கணக்குப்படியே எல்லாம் நடந்திருக்கிறது. அந்தக் கணக்குகள் தவறும்போது விலை கொடுப்பது டெல்லி அல்ல. கரையிலும் எல்லையிலும் வாழும் மக்கள்தான். எனவே, நெறியைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு இருக்கின்றன.

எல்லையோரம் கற்றுத்தந்த பாடம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் முள்ளோடையைத் தாண்டுவது இன்று ஒரு பொருட்டே அல்ல. நூறாண்டுகளுக்கு முன் அந்த எல்லை ஒரு மனிதரின் சுதந்திரத்தையே தீர்மானித்தது. 1908இல் பிரிட்டிஷ் இந்தியாவில் கைதாவதைத் தவிர்த்துப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போன பாரதியார், பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கே அடைக்கலம் பெற்றார்கள். முதல் உலகப் போரில் பிரான்சும் பிரிட்டனும் ஒரே அணியில் நின்றன. 1915இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்தைக் கையில் எடுத்தது. புதுச்சேரியில் இருந்தவர்களை வெளியேற்றும்படி நெருக்குதல் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும், பிரெஞ்சு நிர்வாகம் அவர்களைப் பிடித்து ஒப்படைக்கவில்லை.

1918 நவம்பர் 20 அன்று பாரதி எல்லையைக் கடந்து கடலூர் அருகே வந்ததும் கைதானார். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். பிரெஞ்சுக் காலனியாட்சி மனித உரிமையின் காவலனாக இருந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. தன் ஆட்சியில் அதுவும் கொடுமைகள் செய்தது. ஆனால் போரில் தோளோடு தோள் நின்ற கூட்டாளி கேட்டபோதும், அரசியல் காரணத்துக்காகத் தேடப்படுபவரை ஒப்படைக்க மறுக்க முடியும் என்பதற்கு நம் ஊர் எல்லையே சாட்சி. நட்பைக் காப்பாற்ற அடைக்கலத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

சிதம்பரத்தின் தொடர்பு இன்னும் பழையது. போர்த்துகீசியர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து வெளியேறிய ஞானப்பிரகாசர் இங்கே வந்து வெட்டிய குளம் என்றுதான் ஞானப்பிரகாசர் குளத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்கிறார்கள். 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மட்டக்களப்பில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். கடலூர் மாவட்டத்தில் இன்றும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் படித்து, கல்லூரிப் படிப்பையும் முடித்த ஒரு தலைமுறை இருக்கிறது. கொழும்பில் எடுக்கப்படும் முடிவு எப்படி நம் தெருவரைக்கும் வந்து சேர்கிறது என்பதற்கு அவர்களுடைய வாழ்க்கையே கணக்கு.

இரண்டு நெருக்கடிநிலைகளுக்கு நடுவே ஒரு கடல் எல்லை

1971 மார்ச் 16 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இலங்கையில் நெருக்கடிநிலையை அறிவித்தது. ஏப்ரல் 5 அன்று ஜே.வி.பி. இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. உலக அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் எல்லோரும் அந்த அரசுக்குக் கைகொடுக்க ஒன்றுகூடினார்கள். இந்தியா ஹெலிகாப்டர்களையும் கப்பல்களையும் அனுப்பியது. பாகிஸ்தானும் அனுப்பியது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் ஆகியவையும் உதவின. சீனா கடன் கொடுத்தது. கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உயிரிழந்தார்கள்.

நெருக்கடிநிலையோ அடங்கவில்லை. 1977 பிப்ரவரி வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நீடித்தது. உதவிய நாடுகளில் எதுவும் அதை எப்போது விலக்குவீர்கள் என்று அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில்தான் 1972 மே மாதம் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. முந்தைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆவது பிரிவின் பாதுகாப்பு அதில் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழித் தகுதியும் அரசியலமைப்பிலேயே ஏறின. பின்னாளில் போராக வெடித்த மனக்கசப்பின் ஒரு பெரும் பகுதி அங்கே விதைக்கப்பட்டது.

அதே அரசோடு 1974 ஜூனில் இந்தியா கச்சத்தீவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு ஜூன் 25 அன்று இந்தியாவிலேயே நெருக்கடிநிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் திமுக அரசு கலைக்கப்பட்டது. அதன் பிறகு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கடல் எல்லையை வரையறுக்கும் ஒப்பந்தத்தை இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்டன. ஒரு நாட்டின் மீனவர்கள் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் உறுதியானது.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். கையெழுத்திட்ட இரண்டு நாடுகளும் நெருக்கடிநிலையில் இருந்தன. எல்லைக்கோடு யாருடைய வாழ்வைத் தொடுகிறதோ அந்த மாநிலத்தில் சட்டமன்றம் இல்லை. பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். மீனவர்களிடம் கேட்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்ற வாதத்தை இங்கே திறக்க வேண்டியதில்லை. மக்களின் வாய் கட்டப்பட்டிருந்த நேரத்தில், அதே நிலையில் இருந்த நட்பு அரசோடு செய்துகொண்ட ஏற்பாடு, ஐம்பது ஆண்டுகள் ஆகியும் கரையோர மக்களின் மனத்தில் ஏற்கப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பேசி, விவாதித்து, இழப்புக்கு ஈடு கேட்டு ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பு, அரசாணையால் கிடைக்கவில்லை.

1983: சரியாகச் செய்ததும் தவறியதும்

1983 மே 18 அன்று ஜெயவர்த்தனே அரசு இலங்கை முழுவதும் நெருக்கடிநிலையை அறிவித்தது. ஜூன் 3 அன்று வந்த 15ஏ என்ற விதி, இறந்தவர்களின் உடலைப் பிரேத விசாரணை இல்லாமலேயே புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படைக்கு அதிகாரம் தந்தது. நெருக்கடிநிலை எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த ஒரு விதியே சொல்லிவிட்டது. ஏழு வாரங்களில் தமிழர்களுக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை வந்தது. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

இந்திரா காந்தி தயங்கவில்லை. ஜெயவர்த்தனேயுடன் தொலைபேசியில் பேசினார், வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவைக் கொழும்புக்கு அனுப்பினார், பிறகு ஜி. பார்த்தசாரதியைச் சிறப்புத் தூதராக்கி அரசியல் தீர்வுக்கான பேச்சைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கரை அகதிகளுக்குத் திறந்தது. 1983 முதல் 1987 வரை 1,34,053 பேர் வந்ததாக மாநில அரசின் பதிவு சொல்கிறது. வெளிப்படையான பேச்சு, நேரடித் தூது, அடைக்கலம் ஆகிய மூன்றும் சரியாக நடந்தன.

தவறு நான்காவது காரியத்தில் நடந்தது. அதே காலத்தில் ஈழ இளைஞர் குழுக்களுக்கு இந்திய மண்ணில் ரகசியமாக ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல், கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் அது நடந்தது. 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை, பிறகு அந்தக் குழுக்களில் ஒன்றோடேயே போர் என்று பாதை திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத்துப் பொதுமக்கள் இரு பக்கமும் அடிபட்டார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை நாம் மறக்க முடியாது. வெளிப்படையாகச் செய்தவை காலத்தைத் தாண்டி நிற்க, மறைவாகச் செய்தது எல்லோரையும் காயப்படுத்தியது.

நமக்கு நடந்தபோது உலகம் என்ன செய்தது?

அண்டை நாட்டைப் பற்றிப் பேசும் முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். 1975 முதல் 1977 வரை இந்தியாவில் மிசா, இந்தியப் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றின் கீழ் 1,10,806 பேர் அடைக்கப்பட்டதாக ஷா ஆணையம் பதிவு செய்தது. சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்டவர்களில் ஒருவரான மக்களவை உறுப்பினர் சிட்டிபாபு பிறகு உயிரிழந்தார்.

நட்பு அரசுகள் எப்படி நடந்துகொண்டன? சோவியத் ஒன்றியம் இந்திரா காந்தியை வெளிப்படையாக ஆதரித்தது. பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர்களில் மைக்கேல் ஃபூட் போன்ற இந்திய நண்பர்களே நெருக்கடிநிலைக்குப் பரிந்து பேசினார்கள். அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, அறுபது கோடி மக்கள் தங்கள் ஜனநாயகத்தை இழந்தது வருத்தமானது என்று 1975 செப்டம்பரில் சொன்னார், டெல்லி கோபித்துக்கொண்டது, அதற்கு மேல் வாஷிங்டன் போகவில்லை. லண்டனில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் விடுதலைக்காக இயங்கியவர்கள், பிரிட்டனின் பத்திரிகைகள், புலம்பெயர்ந்த இந்தியர்கள் ஆகியோர்தான் விடாமல் பேசினார்கள். சிறையில் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு தெம்பு தந்தது என்பதைப் பிறகு பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து நாம் ஒரு பாடத்தைச் சட்டமாகவே எழுதினோம். 1978இல் நிறைவேறிய 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற மழுப்பலான காரணத்தை நீக்கி, ஆயுதக் கிளர்ச்சி என்று வரையறுத்தது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 20, 21 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளை எந்த நெருக்கடிநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றெல்லாம் வகுத்தது. நம்மை நாமே கட்டிக்கொண்ட விதிகள் இவை. நண்பரிடம் இதே கேள்விகளைக் கேட்பது ஆணவம் ஆகாது. அடிபட்டுக் கற்றதைப் பகிர்ந்துகொள்வதே அது.

மூன்று அண்டை நாடுகள், மூன்று பதில்கள்

2005 பிப்ரவரி 1 அன்று நேபாள மன்னர் ஞானேந்திரா அரசைக் கலைத்து நெருக்கடிநிலையை அறிவித்தார். இந்தியா அதை ஜனநாயகத்துக்கு ஏற்பட்ட கடும் பின்னடைவு என்றது. ராணுவ உதவியை நிறுத்தியது. டாக்காவில் நடக்கவிருந்த சார்க் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. ஏப்ரல் இறுதியில் மன்னர் நெருக்கடிநிலையை விலக்கினார். அதிகாரத்தை மட்டும் விடவில்லை. நவம்பரில் நேபாளக் கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தனர். 2006 ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கியபோது, மன்னரின் அரைகுறைச் சலுகையை இந்தியா முதலில் வரவேற்றது. தெரு அதை ஏற்கவில்லை என்று தெரிந்ததும் உடனே தன் நிலையைத் திருத்திக்கொண்டது. திருத்திக்கொள்ளும் நிதானம் இருந்ததால் டெல்லியின் மதிப்பு காத்மாண்டுவில் நிலைத்தது.

2018 பிப்ரவரி 5 அன்று மாலத்தீவில் அதிபர் யாமீன் நெருக்கடிநிலையை அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே கைது செய்யப்பட்டார். முன்னாள் அதிபர் நஷீத், ராணுவப் பின்துணையோடு தூதரை அனுப்பும்படி இந்தியாவைக் கேட்டார். இந்தியா படையை அனுப்பவில்லை. கவலையையும் ஏமாற்றத்தையும் வெளிப்படையாகத் தெரிவித்தது. மார்ச் 22 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. செப்டம்பரில் மாலத்தீவு மக்கள் தங்கள் வாக்காலேயே யாமீனை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023இல் அதே வாக்காளர்கள் இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று சொன்ன முய்சுவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. ஜனநாயகத்தை ஆதரித்தால் எப்போதும் நமக்குச் சாதகமான ஆட்சி வரும் என்ற உறுதி இல்லை. ஆனால் 2018இல் படை போயிருந்தால், அந்தக் கோபம் ஒரு தேர்தலோடு தீர்ந்திருக்காது.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து நெருக்கடிநிலையை அறிவித்தது. ஓராண்டு என்று சொல்லித் தொடங்கியது, 2025 ஜூலை வரை நீட்டிக்கப்பட்டது. 2021 மார்ச் 27 அன்று தெருக்களில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, தலைநகரில் நடந்த ராணுவ அணிவகுப்பில் இந்தியப் பிரதிநிதி கலந்துகொண்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து, அரசு நிறுவனங்கள் உட்பட, சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவை சார்ந்த பொருட்களும் மியான்மர் ராணுவத்துக்குப் போயிருப்பதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023இல் அறிக்கை தந்தார். எல்லை தாண்டி வருபவர்களைத் தடுக்கச் சொல்லி உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மிசோரம் முதல்வராக இருந்த ஜோரம்தங்கா, வருபவர்கள் எங்கள் உறவுகள், கைவிட முடியாது என்று பிரதமருக்கு எழுதினார். மிசோரம் மக்கள் பல ஆயிரம் பேருக்கு இடம் கொடுத்தார்கள். எல்லையில் வாழ்பவர்களின் மனசாட்சி தலைநகரத்தைவிட முன்னே நின்றது. தமிழ்நாட்டுக்கு அந்த அனுபவம் புதிதல்ல.

உலகின் வேறு பக்கங்களிலும் இதே சோதனைதான். 1972இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, தன் தளங்களைக் காக்க அமெரிக்கா அவரைத் தாங்கிப் பிடித்தது. 1986இல் மக்கள் எழுச்சி அவரைத் துரத்தியது. சில ஆண்டுகளில் அந்தத் தளங்களும் கைவிட்டுப் போயின. 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, சில மணி நேரத்தில் 190 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கூடி ஒருமனதாக அதை ரத்து செய்யச் சொன்னார்கள். பல்லாயிரம் அமெரிக்கப் படையினர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் வாஷிங்டன் கவலையை வெளிப்படையாகச் சொன்னது. யூன் மிகத் தவறாகக் கணித்துவிட்டார் என்று உயர் அதிகாரி ஒருவர் பேசினார். அதனால் அந்தக் கூட்டணி உடைந்துவிடவில்லை.

2022இன் நல்ல பக்கமும் விடுபட்டதும்

2022இல் இலங்கை வீழ்ந்துகொண்டிருந்தபோது இந்தியா செய்த உதவி மிகப் பெரியது. கடன் வசதி, நாணயப் பரிமாற்றம், எரிபொருள், உணவு, மருந்து என்று அது ஏறத்தாழ 400 கோடி டாலரை எட்டியது. தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்ப ஒன்றிய அரசின் அனுமதி கேட்டது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அப்படியே நடந்தது. சிங்கள ஊர்களிலும் தமிழ்நாட்டு அரிசி உலையில் ஏறியது. எந்த வெளியுறவு அறிக்கையும் சாதிக்க முடியாததை அது சாதித்தது.

விடுபட்டவை இரண்டு. ஒன்று, காலிமுகத்திடல் தாக்குதல் பற்றிய மௌனம். அவ்வளவு உதவி செய்த நாடு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அதற்குக் கூடுதல் எடை இருந்திருக்கும். இரண்டு, 2022 மார்ச் 22 முதல் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கியவர்களின் நிலை. மண்டபம் முகாமில் மாநில அரசு அவர்களுக்கு உணவும் இடமும் தந்தது. சட்டத்தின் முன் அவர்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனி அகதிகள் சட்டமும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து காக்கிறது. அது வரவேற்க வேண்டியது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் காப்புக்கு வெளியே நிற்கிறார்கள். பசிக்குத் தப்பி வந்தவருக்கும் கைதுக்குத் தப்பி வந்தவருக்கும் கடவுச்சீட்டு இருக்காது என்பதை ஏற்கும் சட்டம் நமக்குத் தேவை.

எழுதிவைக்க வேண்டிய ஐந்து விதிகள்

முதலாவது, கேள்விகள். நட்பு நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டால், இந்தியா நான்கு கேள்விகளை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எத்தனை நாளைக்கு? நாடாளுமன்றம் எப்போது ஒப்புதல் தரும்? நீதிமன்றங்கள் இயங்குகின்றனவா? கைதானவர்களின் விவரம் எங்கே? புயலுக்காக அறிவித்த அரசு இவற்றுக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடும். எதிர்க்குரலை அடக்க அறிவித்த அரசு தடுமாறும். இலங்கை, நேபாளம், மாலத்தீவு, இந்தியா ஆகிய நான்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகள். உரிமைகளை நிறுத்திவைத்தால் ஐ.நா. பொதுச் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும், உயிர்வாழும் உரிமையையும் சித்திரவதைக்கு எதிரான உரிமையையும் தொடவே கூடாது என்று அதன் நான்காவது உறுப்பு சொல்கிறது. ஏற்றுக்கொண்ட கடமையை நினைவூட்டுவது தலையீடு அல்ல.

இரண்டாவது, ஆயுதம். பதில் திருப்திகரமாக வரும்வரை ஆயுத விற்பனையும் படைப் பயிற்சியும் நிறுத்தப்பட வேண்டும். ரகசியமாக எதிர்த்தரப்புக்கு ஆயுதம் தருவதும் கூடாது. 1983க்குப் பிந்தைய அனுபவம் போதும்.

மூன்றாவது, நிவாரணம். உணவு, மருந்து, எரிபொருள் ஆகியவற்றை எந்தச் சூழலிலும் நிபந்தனையாக்கக் கூடாது. அரசின் மீதுள்ள கோபத்துக்கு அந்நாட்டு நோயாளியும் குழந்தையும் விலை கொடுக்கக் கூடாது. மாநிலங்கள் உதவ முன்வந்தால் அனுமதி நாள்கணக்கில் கிடைக்க வேண்டும்.

நான்காவது, அடைக்கலம். கரைக்கு வருபவர் எவரையும் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். எல்லா மதத்தவருக்கும் எல்லா அண்டை நாட்டவருக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளாக முகாம்களில் வாழ்பவர்களுக்கும் அங்கேயே பிறந்தவர்களுக்கும், விரும்பினால் குடியுரிமை பெறும் வழி திறக்க வேண்டும்.

ஐந்தாவது, ஒப்பந்தங்கள். நெருக்கடிநிலையில் இருக்கும் அரசோடு எல்லை, கடல், தீவு, துறைமுகம், நீண்டகாலக் குத்தகை போன்ற நிரந்தர விஷயங்களில் கையெழுத்திடக் கூடாது. அங்கே நாடாளுமன்றம் சுதந்திரமாகக் கூடிய பிறகு, இங்கே தொடர்புடைய மாநிலத்தின் கருத்தைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். இந்த விதி 1976இல் இருந்திருந்தால், மீனவர் பிரச்சினையை வேறு வடிவில் சந்தித்திருப்போம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் தெரிந்ததே: நாம் கேள்வி கேட்டால் அவர்கள் சீனாவின் பக்கம் போய்விடுவார்கள். இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாம் பேசாமல் இருந்த காலத்திலும் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. மியான்மரில் நாம் மென்மையாக நடந்துகொண்டபோதும் அந்த ராணுவம் பெய்ஜிங்கைச் சார்ந்தே இருக்கிறது. ஆட்சியாளர்கள் தங்கள் தேவையைப் பார்த்தே நண்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மௌனத்துக்காக அவர்கள் நன்றி பாராட்டுவதில்லை. அந்த நாட்டு மக்கள் அப்படி இல்லை. தங்கள் கஷ்டகாலத்தில் யார் அரிசி அனுப்பினார்கள், யார் ஆயுதம் அனுப்பினார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்தபோது, ஒரே தலைவரோடு மட்டும் நெருக்கமாக இருந்ததன் விலையை டெல்லி கண்கூடாகப் பார்த்தது.

இன்னொரு வாதமும் உண்டு: நம் வீட்டிலேயே உரிமைகள் குறைபட்டிருக்கும்போது அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கத்தான் வேண்டும். வெளியே ஒரு விதியை உரக்கச் சொல்லும் நாடு, உள்ளே அதை மீறும்போது அதன் குடிமக்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டங்களைப் பற்றி நம் நீதிமன்றங்களிலும் சபைகளிலும் கேட்கும் கேள்விகளுக்கு அது வலுச் சேர்க்கும்.

இந்த ஐந்தையும் வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பில் வைத்தால் போதாது. நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, அரசின் ஒப்புக்கொண்ட கொள்கையாக மேசையில் வைக்க வேண்டும். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட முப்பது நாட்களுக்குள், இந்தியா என்ன செய்தது என்று இரு அவைகளுக்கும் அறிக்கை வர வேண்டும். எல்லை மாநிலங்களின் முதல்வர்களோடு ஆலோசனை நடந்ததா என்பதும் அதில் பதிவாக வேண்டும். கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இதை முதலில் எழுப்ப வேண்டும். பாதுகாப்பான மறுவாழ்வுக்குக் காத்திருக்கும் முகாம் குடும்பங்களும், கடலை நம்பி வாழும் கிராமங்களும் அவர்களுடைய தொகுதிகளில்தான் இருக்கின்றன. அடுத்த நெருக்கடிநிலை எந்தத் தலைநகரில், எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது நாம் என்ன செய்வோம் என்பதை இன்றே, அமைதியான நேரத்தில், எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க முடியும். அதைச் செய்யும்படி நம் உறுப்பினர்களைக் கேட்போம். செய்யும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.